பயம் மட்டுமே பாடமா?

தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் பிற்பகுதியில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. குரல் உடைவது, மீசை அரும்புவது, முகப்பரு, ஹார்மோன்கள், மாதவிடாய்ச் சுழற்சி, அந்த வயதுக்கு வேண்டிய சத்துணவு என்று எல்லாவற்றையும் முறையாகச் சொல்லும் பாடம். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் அதுவே இன்னும் விரிவாக வருகிறது. ஆகவே, நம் பள்ளிகளில் பாலியல் கல்வியே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பாடம் வரும் நாளன்று வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

உங்கள் வீட்டிலேயே விசாரித்துப் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்தவரோ, மெட்ரிக் பள்ளியில் படித்தவரோ, சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். “இது ஈஸியான பாடம், வீட்லயே படிச்சுக்குங்க” என்று தாண்டிப்போன சார். பையன்களை கிரவுண்டுக்கு அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளைகளிடம் மட்டும் பத்து நிமிடம் தாழ்ந்த குரலில் பேசிய டீச்சர். ஒரு மாணவனை எழுந்து வாசிக்கச் சொல்ல, கடைசி பெஞ்சு சிரிக்க, அந்தச் சிரிப்பையே காரணமாக்கி மூடப்பட்ட புத்தகம். பரீட்சைக்கு வரும் என்பதால் படம் வரைந்து பாகம் குறிப்பது மட்டும் தப்பிப் பிழைக்கும். அண்டகம், கருமுட்டைக் குழாய், கருப்பை என்று ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து முழு மதிப்பெண் வாங்குகிற பெண்ணுக்கு, தனக்கு ஏன் இரண்டு மாதமாகத் தள்ளிப்போகிறது என்று யாரிடம் கேட்பது எனத் தெரிவதில்லை.

இதற்காக ஆசிரியர்களை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. அவர்களும் இதே மாதிரி வகுப்பறைகளில் உட்கார்ந்து வந்தவர்கள்தான். பி.எட். படிப்பில் இதை எப்படி நடத்துவது என்று யாரும் அவர்களுக்குச் செய்துகாட்டியதில்லை. ஒரு வார்த்தை தவறிவிட்டால் மறுநாள் காலையில் பெற்றோர் கூட்டமாக வந்து நிற்பார்கள் என்ற பயம் வேறு. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கடந்த நாற்பது ஆண்டுகளாக இந்த விஷயத்தை நாம் கையாண்ட விதம் முழுவதும் தெரிந்துவிடும்.

நோயோடு வந்த பாடம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986ல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில் அது தெரியவந்தது. அதன் பிறகு தமிழ்நாடு மற்ற மாநிலங்களை முந்திக்கொண்டு செயல்பட்டது. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994லேயே அமைந்துவிட்டது. 2000களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரம் சுவர் சுவராக நின்றது; அந்தக் கேள்வியைக் கேட்காத ஊரே இல்லை. பள்ளிகளில் வாழ்க்கைத் திறன் வகுப்புகள் வந்தன, கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் வந்தன. பல உயிர்களைக் காப்பாற்றிய வேலை அது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உடலைப் பற்றி அரசு முதன்முதலாக வாய்திறந்து பேசியபோது, பேச்சு நோயிலிருந்து தொடங்கியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஆணுறை என்ற சொல்லை எய்ட்ஸ் என்ற சொல்லோடு சேர்த்தேதான் முதலில் கேட்டார்கள்.

தேசிய அளவிலும் அதே கதைதான். 2005ல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து வளரிளம் பருவத்தினர் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. அதற்கான படங்களும் கையேடுகளும் பள்ளிகளுக்குப் போன உடனே எதிர்ப்பு கிளம்பியது. 2007ல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் என்று மாநிலம் மாநிலமாகத் தடைபோட்டார்கள். 2009ல் வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே கூடாது என்று பரிந்துரைத்தது. திருமணத்துக்கு முன் உறவு தவறு என்பதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினை நோய்கள் பற்றிய பாடங்களை மேல்நிலை வகுப்பு உயிரியலுக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது குழுவின் கருத்து. மேல்நிலையில் உயிரியல் எடுக்காத பிள்ளைகளின் கதி என்ன? காமர்ஸ் எடுத்த பெண்ணுக்கும் ஐ.டி.ஐ. போன பையனுக்கும் உடம்பு இல்லையா?

அடுத்த அதிர்ச்சி 2021ல் வந்தது. சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர்மீது முன்னாள், இந்நாள் மாணவிகள் சமூக வலைதளத்தில் அடுக்கடுக்காகப் பாலியல் புகார் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் கோவையில் பாலியல் தொல்லைக்கு ஆளான ஒரு பள்ளி மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். மாநிலமே கலங்கியது. அரசும் வேகமாக நகர்ந்தது. 14417, 1098 என்ற உதவி எண்கள் பாடப்புத்தகங்களுக்குள் வந்தன. ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டிகள் பள்ளிகளில் மாட்டப்பட்டன. மாணவர் பாதுகாப்புக்கு ஒவ்வொரு பள்ளியிலும் ஆலோசனைக் குழு வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்லாம் வேண்டியவையே. இருந்தாலும் கவனித்துப் பாருங்கள்: முன்பு நோய், இப்போது குற்றம். ஏதாவது பெரிதாக நடந்தபிறகுதான் பிள்ளைகளின் உடலைப் பற்றிப் பேச நமக்கு வாய் வருகிறது. ‘நீ வளர்கிறாய், வளர்வது இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்வதற்காக மட்டும் நாம் ஒருநாளும் அவர்கள் முன் உட்கார்ந்ததில்லை.

பயத்தை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, கெட்டது நடந்தால்கூட வந்து சொல்லாது. அந்த இடத்தைப் பற்றி, அந்த உணர்வைப் பற்றிப் பேசுவதற்கான சொற்களே அதனிடம் இருக்காது. சொன்னால் திட்டு விழும் என்றுதான் நினைக்கும். புகார்ப் பெட்டியை மாட்டுவது எளிது. அதில் எழுதிப்போடுவதற்கு ஒரு வாக்கியம் வேண்டுமே, அந்த வாக்கியத்தை வகுப்பறைதான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கிரவுண்டுக்கு அனுப்பப்பட்ட பையன்கள்

பெண்பிள்ளைகளுக்கு அரைகுறையாகவாவது ஏதோ கிடைக்கிறது. மாதவிடாய் பற்றி அம்மா சொல்கிறார், அக்கா சொல்கிறாள். 2011-12ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘புதுயுகம்’ திட்டத்தில் பள்ளி மாணவிகளுக்கு விலையில்லா நாப்கின் வந்தது. அதைக் கொடுக்கும் சாக்கில் செவிலியரோ ஆசிரியையோ நாலு வார்த்தை பேசினார்கள். அதிலும் பெரிய குறை இருக்கிறது. இந்தியா முழுவதும் நடந்த 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016ல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வின்படி, முதல் மாதவிடாய்க்கு முன்பே அதைப்பற்றித் தெரிந்திருந்த பெண்கள் 48 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் ரத்தத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். வயதுக்கு வந்த சேதியை மட்டும் ஃபிளெக்ஸ் வைத்து, மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர் வரிசையோடு ஊருக்கே சொல்கிறோம். அந்த மேடையில் நகைகளோடு உட்கார்ந்திருக்கும் பதிமூன்று வயதுப் பெண்ணிடம், நடந்தது என்னவென்று யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினார்களா என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் இருக்காது.

பையன்களுக்கோ இதுவும் இல்லை. அவர்களிடம் அப்பா பேசுவதில்லை. பள்ளி பேசுவதில்லை. பேசுவதற்கு ஒருவர் மட்டும் தயாராக இருக்கிறார். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரிலும், ரயில் பாதையோர மதிலிலும், இரவு பதினொரு மணிக்கு மேல் தொலைக்காட்சியிலும் அவர்தான் பேசுகிறார். அறியாத வயதில் செய்த தவறால் நரம்புத் தளர்ச்சியா, தாது நஷ்டமா, இல்லற வாழ்க்கைக்கு அஞ்சுகிறீர்களா என்று கேட்டுவிட்டு, இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் முகாம் என்று அறை எண்ணோடு அறிவிக்கிறார். தமிழ்நாட்டில் பல லட்சம் ஆண்கள் பாலியல் பற்றி முதன்முதலாகப் படித்த வரிகள் இவைதான்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் சுய இன்பமும் அந்த வயதில் இயல்பானவை. அதனால் உடல் இளைக்காது, நரம்பு தளராது, ஆண்மை குறையாது. இதை அறிவியல் ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லாததால் எத்தனையோ பையன்கள் வருடக்கணக்கில் தங்களை நோயாளியாக நினைத்துப் புழுங்குகிறார்கள். விந்து இழப்பால் உடல் அழிகிறது என்ற இந்த அச்சம் நம் மண்ணில் எவ்வளவு பரவலானது என்றால், இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 1960ல் அதற்குத் ‘தாது நோய்த்தொகுப்பு’ என்று தனிப்பெயரே வைத்தார். களைப்பு, படிப்பில் கவனமின்மை, மன அழுத்தம் என்று மருத்துவரிடம் போகும் இளைஞர்களில் ஒரு பகுதியினரின் மனதுக்குள் இன்றைக்கும் இந்தப் பயம்தான் உட்கார்ந்திருக்கிறது. இரவு நேரத்தில் ‘புதிரா புனிதமா’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டாக்டர் மாத்ருபூதம் இதைப்பற்றியெல்லாம் பளிச்சென்று பேசியபோது தமிழ்நாடு அவரைக் கொண்டாடியது. அவர் பேசியதைக் கேட்டுத் தெளிந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அது பதினான்கு வயதில் கிடைத்திருக்க வேண்டும்.

பையன்களை விட்டுவிடுவதில் இன்னொரு கொடுமையும் உண்டு. சென்னையில் இயங்கும் ‘துளிர்’ அமைப்பு 2006ல் நகரப் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் ஆய்வு செய்தது. ஏதோவொரு வகையில் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 42 சதவீதம். பெண்பிள்ளைகளில் 39 சதவீதம், பையன்களில் 48. மறு ஆண்டு மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்விலும் 53 சதவீதக் குழந்தைகள் தாங்கள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் பையன்கள் குறைவாக இல்லை. தொடுதல் பற்றிய வகுப்பு நடக்கும்போது எந்தப் பையனைக் கிரவுண்டுக்கு அனுப்புகிறோமோ, பாதிக்கப்பட்டவன் அவனாகவே இருக்கலாம். ‘ஆம்பளப் பையனுக்கு என்ன வந்துடப் போகுது’ என்ற நம்முடைய நினைப்பு, அவன் வாயைக் கட்டுகிறது.

2020க்குப் பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. கொரோனாக் காலத்து ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய செல்போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. லாட்ஜ் வைத்தியரின் இடத்தில் இப்போது ஆபாசக் காணொளி. அதில் சம்மதம் கேட்கும் காட்சி இருக்காது, மறுக்கும் உரிமை இருக்காது, வலியை வலி என்று காட்டமாட்டார்கள். வேறெதையும் பார்க்காத, கேட்காத பையன் உறவென்றால் இதுதான் என்று எடுத்துக்கொள்கிறான். அவனோடு பழகப்போகும் பெண்ணும் அதன் விலையைக் கொடுக்கிறாள்.

சட்டம் போட்ட முடிச்சு

போக்சோ சட்டம் 2012ல் வந்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க இந்த நாடு செய்த நல்ல காரியங்களில் அது முக்கியமானது. ஆனால் அது சம்மத வயதைப் 18 ஆக்கியதில் ஒரு முடிச்சு விழுந்தது. 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் ஒருவரையொருவர் விரும்பினாலும், சட்டத்தின் பார்வையில் அவள் பாதிக்கப்பட்டவள், அவன் குற்றவாளி. பெங்களூருவின் என்ஃபோல்ட் அமைப்பு அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களின் 7,064 போக்சோ தீர்ப்புகளை எடுத்துப் பார்த்தபோது, 24.3 சதவீதம் இப்படிக் காதல் உறவு தொடர்பானவை. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய வழக்கு ஒன்றை ரத்துசெய்தபோது, வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமில்லை என்று தெளிவாகச் சொன்னார்.

இந்தச் சட்டத்தைப் பற்றி எத்தனை பள்ளிகளில் பிள்ளைகளிடம் சொல்கிறோம்? சிறைக்குப் போனபிறகுதான் பல பையன்களுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரிகிறது. ஆசிரியரின் சங்கடம் வேறு மாதிரி. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் சட்டத்தின் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. அதனால் ஒரு மாணவி நம்பிக்கையோடு வந்து தன் காதலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், கேட்பதா, காதைப் பொத்திக்கொள்வதா என்று அவர் தவிக்கிறார். மருத்துவர்களுக்கும் இதே தவிப்பு இருந்தது. கருக்கலைப்புக்காக வரும் சிறுமி கேட்டுக்கொண்டால், அவள் யார் என்று தெரிவிக்காமலே மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் கொடுக்கலாம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஆசிரியருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் இப்படியொரு தெளிவு உடனே வேண்டும். எதைக் கட்டாயம் புகாராகக் கொண்டுபோக வேண்டும், எதை ஆலோசனையோடு நிறுத்தலாம் என்று எழுத்தில் கொடுக்காமல், ‘பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்புவது ஆசிரியரைத் தனியாக மாட்டிவிடும் வேலை.

நீதிமன்றங்கள் இப்போது அரசுகளைவிட உரத்துப் பேசுகின்றன. சிறார் ஆபாசப் படங்களைப் பார்ப்பது, வைத்திருப்பது தொடர்பாகச் சென்னையிலிருந்து போன வழக்கில் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாலியல் கல்வி மேலைநாட்டுச் சரக்கு, அது பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற எண்ணங்களைத் தவறென்று சொல்லி, முழுமையான பாலியல் கல்வியைப் பற்றி யோசிக்குமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 அக்டோபரில் அதே நீதிமன்றம், ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காமல் இளம் வயதிலேயே தொடங்க வேண்டும் என்றது.

சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்களா?

பெற்றோரின் இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. அது பிள்ளைமேல் உள்ள அக்கறையில் எழும் கேள்வி. ஆனால் அதற்கான பதில் உலகம் முழுக்கச் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. யுனெஸ்கோ 2009ல் வெளியிட்டு 2018ல் திருத்திய வழிகாட்டி, பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிச் சொல்வது இது: முறையான பாலியல் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரம் உறவுக்குத் தூண்டுவதில்லை. ‘கூடவே கூடாது’ என்று மட்டும் போதித்த பரிசோதனையும் நடந்திருக்கிறது. அமெரிக்கா 1996லிருந்து அதற்காகப் பணத்தைக் கொட்டியது. நாடாளுமன்ற உத்தரவின்பேரில் நடந்த மதிப்பீடு 2007ல் வந்தபோது, அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் நடத்தையில் வித்தியாசமே இல்லை என்று தெரிந்தது.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம், ஜார்க்கண்டைப் பாருங்கள். 18 வயதுக்குள் திருமணமான பெண்கள் அங்கே 32 சதவீதம். தமிழ்நாட்டில் 13க்கும் குறைவு. படிப்பிலும் மருத்துவத்திலும் நம்மோடு ஒப்பிட முடியாத மாநிலம். அங்கே 2006லிருந்து ‘உடான்’ என்ற திட்டம் அரசுப் பள்ளிகளில் நடக்கிறது. மாநிலக் கல்வித் துறையும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன. 2007ல் நாடே எதிர்த்துக் கிளம்பியபோதும் அது நிற்கவில்லை. பள்ளிக்குப் பள்ளி ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள்; கால அட்டவணையில் அதற்கென்று வகுப்பு ஒதுக்கினார்கள். 2024 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் முன்னுதாரணமாகக் காட்டியது இந்தத் திட்டத்தைத்தான். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை என்பது நாம் கூச்சப்பட வேண்டிய கேள்வி.

வழிமுறை ஒன்றும் கடினமில்லை. ஒன்றாம் வகுப்பில் உடல் உறுப்புகளின் சரியான பெயர்கள். பிடிக்காத தொடுதலுக்கு, தாத்தாவே ஆனாலும், ‘வேண்டாம்’ சொல்லும் உரிமை. ஐந்தாம் வகுப்பில், அதாவது மாதவிடாய் வருவதற்கு முன்பே, மாதவிடாய் பற்றிய பாடம், பையன்களும் உட்கார்ந்திருக்க. எட்டில் ஈர்ப்பு, காதல், மறுப்பை ஏற்றுக்கொள்வது, செல்போனில் படம் கேட்டு மிரட்டினால் யாரிடம் போவது. பத்தில் கருத்தடை, நோய்த் தடுப்பு, போக்சோ சட்டம். ஒரே பாலினத்தவர்மேல் ஈர்ப்பு வருகிற பிள்ளையும், திருநங்கையாகவோ திருநம்பியாகவோ தன்னை உணர்கிற பிள்ளையும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் என்ற நினைவு எல்லா வகுப்பிலும் வேண்டும். திருநங்கையருக்கு 2008லேயே நல வாரியம் அமைத்த மாநிலம் இது. வகுப்பறையில் அவர்கள் கேலிப்பெயர்களால் அடிபட்டு, படிப்பைப் பாதியில் விடுவதை இன்னும் தடுக்க முடியவில்லை.

வகுப்பறையில் நன்றாக வேலைசெய்யும் உத்தி, கேள்விப் பெட்டி. பிள்ளைகள் எல்லோரும் கட்டாயம் ஒரு தாளில் ஏதாவது எழுதிப்போட வேண்டும், பெயர் எழுதக்கூடாது. கேள்வி இல்லாதவர்கள் ‘கேள்வி இல்லை’ என்று எழுதிப் போடலாம். எல்லோரும் எழுதுவதால் யார் எழுதியது என்று பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாது. வெள்ளைப்படுவது நோயா, முத்தம் கொடுத்தால் குழந்தை பிறக்குமா, மார்பு ஒருபக்கம் சிறியதாக இருப்பது குறையா, எனக்கு மட்டும் ஏன் இன்னும் மீசை வரவில்லை என்பதுபோன்ற, பதில் தெரிந்தால் அன்றைக்கே தூக்கம் வரக்கூடிய கேள்விகள்தான் பெரும்பாலும் இருக்கும். ஆசிரியர் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்து, தெரியாததை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த வகுப்பில் நிதானமாகப் பதில் சொல்லலாம். ‘எனக்கு ஒண்ணு நடந்துச்சு’ என்று தொடங்கும் தாளும் வரும். அந்தத் தாளுக்காகவே இந்தப் பெட்டி வேண்டும்.

மத்திய அரசின் பள்ளி நலத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாக்கச் சொல்கிறது. ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்று அந்த இருவரையும் யோசித்துத் தேர்ந்தெடுத்து, ஒருநாள் பவர்பாயின்ட்டோடு முடிக்காமல், பேசிப் பழகிக் கூச்சம் தெளியும்வரை பயிற்சி கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மீதி, பெற்றோர். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பிள்ளைகளுக்கு நடத்தப்போகும் பாடத்தை முதலில் அவர்கள்முன் வைக்கலாம். படங்களைக் காட்டலாம், வரிவரியாக வாசிக்கலாம், எந்த இடத்தில் உறுத்துகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். தங்களுக்கு இதை யாருமே சொல்லவில்லை என்று அந்த அம்மாக்களில் பலர் சொல்லக்கூடும். ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கும் முதல் கூட்டத்திலேயே இதைத் தொடங்கலாம். அதற்குப் புதிய அரசாணை எதுவும் தேவையில்லை.